மாங்காய் மண்டிக்கு ஒரு ஊதா வில்லன்: எட்டுப் பக்கத்தில் வரைவது எப்படி?

கிருஷ்ணகிரியில் கோடை விடுமுறைக்கு என்னிடம் படக்கதை வரையப் பழகும் பிள்ளைகள், மனத்தை ஆட்டிவைக்கும் வில்லன் என்றதுமே அவன் கண்ணிலிருந்து சுருள் சுருளாகக் கதிரைப் பாயவிடுகிறார்கள். அது வேண்டாம். இந்த வில்லனுடைய சக்தியைக் காட்ட வேண்டிய இடம், அவனுக்குக் கீழ்ப்படிகிறவரின் முகம்.

அமெரிக்கப் படக்கதை நிறுவனமான மார்வலின் வில்லன் ஊதா மனிதனைப் பாருங்கள். பெயர் கில்கிரேவ். ஸ்டான் லீயும் ஓவியர் ஜோ ஆர்லாண்டோவும் 1964இல் டேர்டெவில் என்ற நாயகனின் படக்கதைத் தொடரில், நான்காம் இதழில் அறிமுகப்படுத்தினார்கள். நரம்பு வாயுவைத் திருடப்போன உளவாளி அவன். வாயு மேலே பட்டு உடம்பும் முடியும் ஊதாவாகிவிடுகிறது. அப்புறம் அவன் பக்கத்தில் நிற்பவர்கள் அவன் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள். அவன் உடம்பிலிருந்து கிளம்பும் வேதிப்பொருள் காற்றில் பரவி மூச்சில் ஏறுவதுதான் காரணம் என்று பின்னால் வந்த கதைகள் விளக்கின. முதல் கதையிலேயே டேர்டெவில் அவனைப் பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றித்தான் மடக்குகிறான்.

ஆகவே பென்சிலைத் தொடுவதற்கு முன்பே உங்கள் வில்லனின் சக்தி எதன் வழியாகப் பரவுகிறது, எது அதைத் தடுக்கும் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். இது இல்லாத கதை ஐந்தாம் பக்கத்தில் படுத்துவிடும்.

இரண்டு ஏ4 தாளை மடித்தால் எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் வில்லனே வரக்கூடாது. மண்டியில் ஒரு வியாபாரி பெங்களூரா மாங்காய்க்குப் பேரம் பேசட்டும். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னாலும் கையை உதறுகிற ஆள். புருவம், விரல், தோள் துண்டு எல்லாம் பேச வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அதே ஆள், அதே துண்டு. யாரோ ஒருவன் "லோடு முழுக்க எனக்கு" என்கிறான். "சரிங்க, எடுத்துக்கோங்க" என்று சிரிக்கிறார். பக்கத்தில் நிற்கும் அவர் மகன் மட்டும் திகைத்துப் பார்க்கிறான். அந்தப் பையன் முகத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். முதல் பக்கத்தில் அந்த மனிதர் யாரென்று தெரிந்தால்தான் இரண்டாம் பக்கத்தில் வயிற்றைப் பிசையும்.

ஊதா நிறத்தை வில்லனுக்கு மட்டும் வையுங்கள். சேலை, பூ, நாவற்பழம் எதற்கும் கொடுக்காதீர்கள். அவன் பிடியில் சிக்கியவர் பேசும்போது வசனம் எழுதும் பலூனின் கோட்டை மட்டும் ஊதாவாக்கினால் போதும்.

நம் வில்லனின் சக்தியும் வாசனையாகக் காற்றில் பரவுகிறது என்றால், தடுப்பதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. மாங்காய் சீசன் கடைசியில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காய் தரம் பிரிக்கும் அக்காதான் நாயகி என்றால், கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணைப் பக்கம் வில்லனுக்கு மேற்கே அவள் நிற்கட்டும்; அவன் வாசனை அவளை எட்டாது. காற்றின் திசையை முந்தானையும் மரக்கிளையும் காட்டினால் போதும், வசனம் வேண்டாம்.

அடிதடியை ஒரே பக்கத்தில் முடியுங்கள். எட்டாம் பக்கம் வியாபாரிக்கு. மார்வலின் நாயகி ஜெசிகா ஜோன்ஸ் கதையில் கில்கிரேவ் அவளை மாதக்கணக்கில் அடிமையாக வைத்திருந்தான். விடுபட்ட பிறகும் அவள் படும் பாடுதான் அந்தக் கதையை உயர்த்தியது. நம் வியாபாரியும் மகன் முகத்தைப் பார்க்கக் கூசுவார். "நீ செஞ்சதில்லப்பா அது" என்று பையன் சொல்லும் பலூனுக்குக் கறுப்பு மையில், நடுங்காமல் கோடு போடுங்கள்.