லினக்ஸில் புளூடூத் ஹெட்செட்: சத்தம் வராவிட்டாலும், மங்கினாலும், விட்டுவிட்டுக் கேட்டாலும்

ஹெட்செட் மக்கர் செய்தால் உடனே எதையாவது நீக்கி நிறுவத் தொடங்க வேண்டாம். முதலில் கோளாறு எந்த இடத்தில் என்று பாருங்கள். கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே இணைப்பைக் கவனிப்பது புளூஸ். ஒலியைக் கொண்டுபோவது பைப்வயர். எந்தச் சாதனத்தை எந்த முறையில் ஓட்டுவது என்று முடிவெடுப்பது வயர்பிளம்பர். இணைப்பே வரவில்லை என்றால் புளூஸைப் பாருங்கள். இணைந்தும் சவுண்ட் பட்டியலில் பெயர் வராவிட்டால் பைப்வயர் பக்கம் ஏதோ குறைகிறது. பெயர் வந்து, பாட்டும் கேட்டு, தரம் மட்டும் மோசம் என்றால் பெரும்பாலும் முறைத் தேர்வுதான் காரணம்.

இங்கே சொல்வது உபுண்டு 24.04, க்னோம் திரையை வைத்து. உபுண்டு 22.10 முதலும், ஃபெடோரா 34 முதலும், லினக்ஸ் மின்ட் 22 முதலும் பைப்வயர்தான் இயல்பாக வருகிறது. உபுண்டு 22.04இல் பல்ஸ்ஆடியோ என்ற பழைய ஒலி அமைப்பு. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் டெர்மினலில் ‘பேக்டிஎல் இன்ஃபோ’ கொடுங்கள் (முதல் சொல் பி, ஏ, சி, டி, எல்). சர்வர் நேம் என்ற வரியில் விடை இருக்கும். கட்டளைகளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

மீட்டிங் தொடங்கியதும் குரல் மங்குகிறது

அதிகம் பேர் படும் அவஸ்தை இது. பாட்டு அருமையாகக் கேட்கிறது. கூகுள் மீட்டையோ ஜூமையோ திறந்த நொடியில் எல்லாம் பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுகிறது. ஹெட்செட் கெட்டுப்போகவில்லை, அது முறை மாறியிருக்கிறது.

வழக்கமான புளூடூத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஏ2டிபி என்பது ஒருவழி: கணினியிலிருந்து காதுக்கு ஸ்டீரியோ ஒலி. அதில் மைக்குக்கு இடமே கிடையாது. ஹெச்எஃப்பி என்பது இருவழி, பேச்சுக்காக உருவானது, மோனோ. அதில் சிவிஎஸ்டி கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஓடினால் நொடிக்கு 8,000 ஒலி மாதிரிகள்தான். அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் காதுக்கு வராது. ‘ஸ’, ‘ஷ’ ஓசைகளின் கூர்மை பெரிதும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் எதிரில் பேசுபவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டதுபோல் தோன்றுகிறது. எம்எஸ்பிசி கோடெக் இருந்தால் 16,000 மாதிரிகள். பேச்சு தெளிவாகவே இருக்கும், பாட்டுக்கு மட்டும் போதாது.

ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்ததும் வயர்பிளம்பர் தானாகவே ஹெச்எஃப்பிக்கு மாற்றிவிடுகிறது. எங்கள் பரிந்துரை: காதுக்கு ஹெட்செட், பேச்சுக்கு மடிக்கணினியின் மைக். செட்டிங்ஸில் சவுண்ட் பக்கம் போய் ‘அவுட்புட்’டில் ஹெட்செட்டையும், ‘இன்புட்’டில் கணினியின் உள் மைக்கையும் தேர்ந்தெடுங்கள். மீட்டிங் செயலிக்குள்ளும் அதே மைக்கைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பலர் தவறவிடும் இடம் இது. அதற்குப் பிறகும் முறை மாறினால், மீட்டிங் ஓடும்போதே ‘அவுட்புட்’டுக்குக் கீழுள்ள ‘கான்ஃபிகரேஷன்’ பட்டியலில் ஏ2டிபியைத் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். வயர்பிளம்பர் 0.5 முதல் (உபுண்டு 24.04இல் இருப்பது அதற்கு முந்தையது) இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தவே ஓர் அமைப்பு இருக்கிறது: ‘புளூடூத்.ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-புரொஃபைல்’. அதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

சுற்றிலும் இரைச்சல், ஹெட்செட் மைக்தான் வேண்டும் என்றால் ‘பாவுகண்ட்ரோல்’ என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியை நிறுவி, அதன் கடைசித் தாவலில் எம்எஸ்பிசி என்று குறித்த வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஹெட்செட்டோ, கணினியின் புளூடூத் சில்லோ அதற்கு ஒத்துழைக்கவில்லை என்று பொருள். மீட்டிங் முடிந்தும் ஒலி மங்கலாகவே இருந்தால் அதே பாவுகண்ட்ரோலில் ‘ரெக்கார்டிங்’ தாவலைப் பாருங்கள். மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் செயலியோ, மூடாத உலாவித் தாவலோ அங்கே அகப்படும்.

இணைந்திருக்கிறது, ஆனால் பட்டியலில் இல்லை

பைப்வயரின் புளூடூத் பகுதி தனித் தொகுப்பு. டெபியனிலும் உபுண்டுவிலும் அதன் பெயர் ‘லிப்ஸ்பா-0.2-புளூடூத்’. குறைந்தபட்சத் தொகுப்புகளோடு நிறுவியவர்களிடமும், பல்ஸ்ஆடியோவிலிருந்து கைமுறையாக மாறியவர்களிடமும் இது இல்லாமல் போவதுண்டு. அப்போது இணைப்பு வந்த வேகத்தில் அறுந்தும் போகும். சினாப்டிக் என்ற தொகுப்பு நிறுவும் செயலியில் தேடி நிறுவுங்கள். பல்ஸ்ஆடியோ ஓடும் கணினியானால் ‘பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத்’ வேண்டும். நிறுவியபின் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இணையவே மறுக்கிறது

‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ கொடுங்கள். புளூடூத்துக்கு நேரே ‘சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்’ என்றிருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்’ போதும். ‘ஹார்ட் பிளாக்ட்’ என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டுச் சுவிட்சையோ, விமானப் படம் போட்ட விசையையோ பாருங்கள். பட்டியலில் புளூடூத்தே இல்லையென்றால் ஃபர்ம்வேர் (புளூடூத் சில்லுக்கான உள்மென்பொருள்) ஏறவில்லையா என்று ‘சூடோ டிமெசேஜ்’ வெளியீட்டில் தேட வேண்டும். இதன் இரண்டாம் சொல்லை டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்தில் தட்டுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையாவிட்டால் பழைய பந்தத்தை அறுத்துப் புதிதாகச் சேர்ப்பதுதான் வழி. ‘புளூடூத்சிடிஎல்’ திறந்து, ஹெட்செட்டின் முகவரியைக் கொடுத்து ‘ரிமூவ்’ செய்யுங்கள். ஹெட்செட்டைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவந்து ‘ஸ்கேன் ஆன்’. பெயர் தென்பட்டதும் ‘பேர்’, ‘டிரஸ்ட்’, ‘கனெக்ட்’ என்று வரிசையாகக் கொடுங்கள். நடுவிலுள்ள ‘டிரஸ்ட்’டை விட்டுவிட்டால் இன்று வேலை செய்யும், நாளைக்கு ஹெட்செட் தானாக வந்து சேர முயன்றால் கணினி ஏற்காது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல். இரண்டு இயங்குதளத்துக்கும் புளூடூத் முகவரி ஒன்றே. ஹெட்செட் ஒரு முகவரிக்கு ஒரு சாவியைத்தான் (சேர்க்கும்போது உருவாகும் ரகசியக் குறியீடு) நினைவில் வைக்கும். விண்டோஸில் சேர்த்த கணமே லினக்ஸிடம் உள்ள சாவி செல்லாக்காசு. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்கலாம். இல்லையேல் விண்டோஸில் உள்ள சாவியை எடுத்து லினக்ஸின் புளூடூத் கோப்பில் எழுதலாம்.

இன்னொன்று, எளிதில் மறந்துபோவது: பையில் கிடக்கும் கைபேசி முந்திக்கொண்டு ஹெட்செட்டைப் பிடித்திருக்கும். சோதிக்கும்போது கைபேசியின் புளூடூத்தை அணைத்துவையுங்கள்.

விட்டுவிட்டுக் கேட்கிறது

முதலில் செட்டிங்ஸில் திறந்து கிடக்கும் புளூடூத் பக்கத்தை மூடுங்கள். அது திறந்திருக்கும்வரை கணினி அக்கம்பக்கத்துச் சாதனங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் ஒலிக்கான நேரத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது அலைவரிசை நெருக்கடி. புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபையும் அதே என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 3.0 சாதனங்களும் இந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில் புளூடூத் டாங்கிள் செருகியிருந்தால், ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பி வாங்கி டாங்கிளை மேசைமேல் தள்ளிவையுங்கள். மென்பொருளில் எதையும் தொடாமலே பல கணினிகளில் விக்கல் நின்றுவிடும்.