லாரியோடு ஏற்காடு ஏறுவது: கேமையும் சேவ் ஃபைலையும் புதுக் கணினிக்கு மாற்றும் வழி

ஏற்காட்டில் இருக்கும் அக்கா பையனுக்குப் புதுக் கணினி வாங்கினோம். கேமைத் திரும்ப டவுன்லோட் செய்துகொண்டால் போகிறது என்பீர்கள். அவன் வீட்டில் இணையம் என்றால் அவன் அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் மாடிப்படியில் வைத்தால்தான் இரண்டு கோடு காட்டும். ஜிடிஏ 5 ஒன்றே நூறு ஜிபியைத் தாண்டும். அதனால் பழைய பெட்டியைச் சேலத்துக்கு இறக்கி, அம்மாபேட்டையில் என் வீட்டில் வைத்து எல்லாவற்றையும் காப்பி செய்து, புதுப் பெட்டியை மேலே கொண்டுபோனேன். ஆன் செய்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பையன் கேட்கிறான்: "மாமா, கேம் இருக்கு, என் லாரி எங்க?" யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் மூன்று வருஷம் ஓட்டிச் சேர்த்த கம்பெனி மொத்தமும் காணோம்.

விண்டோஸ் போட்டாயிற்று, கேம் வாங்கும் இணையக் கடைகளான ஸ்டீம், எபிக் பாஸ்வேர்டெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலை, எதில் ஏற்றுவது. பென் டிரைவ் என்றால் முதலில் அதன் ஃபார்மட்டைப் பாருங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேலுள்ள ஒற்றை ஃபைலை வாங்காது, கேம் ஃபைல்களில் அப்படிப் பெரியவை நிறைய உண்டு. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழியும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்). என்னைக் கேட்டால் பென் டிரைவே வேண்டாம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். கறுப்புத் துளை பெரும்பாலும் யுஎஸ்பி 2, நூறு ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். இரண்டு கணினியும் ஒரே வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. இரண்டிலும் ஸ்டீமைத் திறந்து ஒரே கணக்கில் நுழைந்து, டவுன்லோட்ஸ் செட்டிங்கில் லோக்கல் நெட்வொர்க் வழியாக கேம் ஃபைலை மாற்றும் வசதியை ஆன் செய்துவிட்டால், புதியதில் இன்ஸ்டால் அழுத்தியதும் பழையதிலிருந்தே இழுத்துக்கொள்ளும். 2023-இல் வந்த வசதி. வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள்.

அடுத்து ஸ்டீம் கேமைக் கையால் நகர்த்துவது. பழைய கணினியில் ஸ்டீமை முழுதாக மூடுங்கள், மூலையில் கடிகாரம் பக்கத்தில் இருக்கும் ஐகானிலிருந்தும் எக்ஸிட் கொடுக்க வேண்டும். ஸ்டீம் ஃபோல்டருக்குள் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன், அங்கே கேம் பெயரில் இருப்பதை எடுங்கள். அதோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே வந்து, ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும் 'ஆப்மேனிஃபெஸ்ட்' என்று தொடங்கும் சின்ன ஃபைலையும் எடுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு எண், யூரோ டிரக் 2-க்கு 227300. புதுக் கணினியில் ஸ்டீமை நிறுவி, மூடிவிட்டு, இரண்டையும் அதே இடங்களில் போட்டுத் திறந்தால் கேம் தானாக வந்து நிற்கும். சின்ன ஃபைலை மறந்துவிட்டீர்களா, பரவாயில்லை, இன்ஸ்டால் அழுத்துங்கள், ஃபைல்கள் ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்து விட்டுப்போனதை மட்டும் இறக்கும்.

எபிக்கில் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். புதுக் கணினியில் இன்ஸ்டால் கொடுத்து, ஒன்றிரண்டு சதவீதம் இறங்கியதும் நிறுத்தி, லாஞ்சரை மூடி, பழைய ஃபோல்டரிலுள்ளதை அதன்மேல் காப்பி செய்துவிட்டுத் திறந்து ரெஸ்யூம் கொடுங்கள். சரிபார்த்துவிட்டு மீதியை மட்டும் இறக்கும்.

சரி, இப்போது லாரிக்கு வருவோம்.

சேவ் ஃபைல், அதாவது அதுவரை ஆடியதைச் சேமித்து வைக்கும் ஃபைல், பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இருக்காது. டாக்குமெண்ட்ஸில் இருக்கலாம், அதற்குள் 'மை கேம்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கலாம், 'சேவ்ட் கேம்ஸ்' என்று தனியாக இருக்கலாம், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்றில் எங்கேயாவது. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, ஆப்டேட்டா என்பதை இரண்டு பக்கமும் சதவீதக் குறி வைத்து ஆங்கிலத்தில் அடித்தால் நேராக ரோமிங்குக்குள் போய்விடலாம். மைன்கிராஃப்ட் ஜாவா, ஸ்டார்ட்யூ வேலி இரண்டும் அங்கேதான். எந்த கேமுக்கு எந்த இடம் என்று பிசி கேமிங் விக்கி தளத்தில் பெரும்பாலும் போட்டிருக்கும். ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமை இல்லையா, லூடுசாவி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள், நிறுவியிருக்கும் கேம்களின் சேவ்களைத் தேடி ஒரே இடத்தில் பேக்கப் எடுத்துவிடும். நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன், அன்றைக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் செய்தது இது. பழையதில் டாக்குமெண்ட்ஸுக்குள் யூரோ டிரக் ஃபோல்டரை ஒழுங்காகத்தான் எடுத்தேன். புதியதில் சி டிரைவ், யூசர்ஸ், பையன் பெயர் என்று உள்ளே போனால் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே இல்லை. புதுக் கணினி, இன்னும் உருவாகவில்லை போல என்று நானே அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கி, அதற்குள் போட்டுவிட்டேன். கேமை ஒருமுறை திறந்துகூடப் பார்க்கவில்லை. விஷயம் என்னவென்றால், விண்டோஸ் நிறுவும்போது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் உண்மையான டாக்குமெண்ட்ஸ் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், கேம் தேடுவதும் அங்கேதான். நான் உருவாக்கியதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஏற்காட்டில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுதும் ஆயிற்று, அக்கா மூன்று தடவை காபி கொடுத்துவிட்டாள்.

அதனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடது பக்கம் தெரியும் டாக்குமெண்ட்ஸை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலைப் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் இடம்தான் நிஜம். இன்னொரு வழி, கேமை ஒருமுறை திறந்து புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கி சேவ் செய்துவிட்டு மூடுங்கள், ஃபோல்டர் எங்கே முளைக்கிறதோ அங்கே பழையதைப் போடுங்கள். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், பஸ் மாட், மேப் மாட் என்று (மாட் என்றால் கேமில் கூடுதலாகச் சேர்க்கும் ஃபைல்) பையன் சேர்த்து வைத்திருந்ததே அதற்கு மேல். நான் டாக்குமெண்ட்ஸ் பேக்கப்பை நிறுத்திவிட்டு, லொகேஷன் மாறிவிட்டதா என்று பார்த்து, ஃபைல்களை அங்கே கொண்டுவந்தேன்.

யூரோ டிரக்கில் 'புரொஃபைல்ஸ்', 'மாட்' இரண்டு ஃபோல்டரும் வேண்டும். புரொஃபைலுக்குள் எண்ணும் எழுத்துமாக ஒரு ஃபோல்டர் பெயர் இருக்கும், அது பிளேயர் பெயரின் குறியீடு, மாற்றிவிடாதீர்கள். மாட் இல்லாமல் திறந்தால் இன்னின்ன மாட் காணோம் என்று எச்சரிக்கும், அங்கேயே நிறுத்தி மாட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தொடருங்கள். வெளியே இருக்கும் கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைலை விட்டுவிடுங்கள். அது பழைய மானிட்டரின் 1366க்கு 768 அளவையும் பழைய கிராபிக்ஸ் கார்டின் கணக்கையும் தூக்கிக்கொண்டு வரும். பட்டன் அமைப்பு புரொஃபைலுக்குள்ளேயே இருப்பதால் அது கூடவே வந்துவிடும். இது பொதுவாகவும் என் கருத்து: சேவும் கன்ட்ரோலும் வரட்டும், கிராபிக்ஸ் செட்டிங்கைப் புதிதாக வையுங்கள். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆடுகிறவர்கள் சேவ்களை மட்டும் எடுத்து, 'செட்' என்று முடியும் செட்டிங் ஃபைலைப் பழைய கணினியிலேயே விட்டுவிடுங்கள், மவுஸ் நகராமல் நிற்பதற்கு அந்த ஃபைல்தான் பலமுறை காரணம்.

முதல்முறை திறக்கும்போது ஸ்டீம், கிளவுடில், அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்பில், இருப்பதா கணினியில் இருப்பதா என்று கேட்டால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இரண்டுக்கும் தேதி காட்டும். புதுக் கணினியில் சோதனைக்காக ஆடிய பத்து நிமிஷ ஆட்டம்தான் தேதியில் புதியதாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வருஷம் போச்சு. பழைய சேவின் ஒரு காப்பி ஹார்ட் டிஸ்கில் தனியாக இருக்கட்டும். பழைய பெட்டியை இரண்டு வாரத்துக்கு ஃபார்மட் செய்யாதீர்கள், யார் கேட்டாலும்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒன்று. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், கேபினெட்டைப் பின்சீட்டில் படுக்க வைத்து பெட்ஷீட் சுற்றினேன். மேலே போய்த் திரும்ப மாட்டியபின் மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.

பின்சேர்க்கை: கேம் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தேன், டிஎல்எல் (கேம் ஓடத் தேவையான துணை ஃபைல்) காணோம் என்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பெயரைத் தேடி கண்ட தளத்தில் ஒற்றை ஃபைலை இறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பையும், பழைய கேம் என்றால் டைரக்ட்எக்ஸ் தொகுப்பையும் நிறுவுங்கள்.

இன்னொன்று: சேவ் வந்தது, செட்டிங் மட்டும் வரவில்லை என்றால் அது பெரும்பாலும் யூனிட்டி என்ற கேம் தயாரிப்பு மென்பொருளில் செய்த கேமாக இருக்கும். அவை செட்டிங்கை விண்டோஸின் செட்டிங் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் எழுதும். பழைய கணினியில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கரண்ட் யூசர் கீழே சாஃப்ட்வேர், அதற்குள் கேமைச் செய்த நிறுவனத்தின் பெயர், அதில் கேம் பெயரை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, வந்த ஃபைலைப் புதியதில் டபுள் கிளிக் செய்தால் போதும். அங்கே வேறு எதையும் தொட வேண்டாம்.