டொக்சிசைக்கிளினும் ஒரு மிடறு தண்ணீரும்

மாரிகால நெஞ்சுச்சளிக்காக வெள்ளவத்தை வைத்தியர் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் 100 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு இரு வேளை எழுதித் தந்திருந்தார். மூன்றாம் நாள் இரவு, கட்டிலில் இருந்தபடியே ஒரே மிடறு தண்ணீருடன் அதை விழுங்கிவிட்டு உடனே படுத்தேன். விடியற்காலையில் நெஞ்செலும்பின் பின்னால் தணல் சிக்கியதைப் போல எரிந்தது, எச்சில் விழுங்கவும் வலித்தது. மாரடைப்போ என்று அஞ்சி ஓடியபோது, குளிசை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து உட்சுவரைப் புண்ணாக்கியிருக்கிறது என்று கூறிய வைத்தியர், அதை நிறுத்தி வேறு மருந்து தந்தார். சில நாட்களில் எரிவு தணிந்தது.

ஆறு மாதத்தின் பின் தோல் தொற்றொன்றுக்கு அதே மருந்து மீண்டும் வந்தது. இம்முறை இரவுக் குளிசையைச் சாப்பாட்டுடன், பெரிய குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் சாயாமல் அமர்ந்திருந்தேன். இரும்புச்சத்துக் குளிசையும் வயிற்று அமிலத்தை நடுநிலையாக்கும் மருந்தும் (அன்டாசிட்) குடலில் இதனுடன் பிணைந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், அவற்றைச் சில மணி நேரம் தள்ளிவைத்தேன். எரிவு வரவேயில்லை. ஆனால் காலிமுகத்திடலில் ஒரு பிற்பகல் நடந்ததற்கே கைகள் சிவந்து காந்தின. இம்மருந்து தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் என்பதை உறையிலிருந்த தாளில் அதன் பிறகுதான் வாசித்தேன். கர்ப்பிணிகள் வைத்தியரிடம் அதைச் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது என்பதும் அதே தாளில் இருந்தது.