மாயாக் கெரான்: மஞ்சள் கரு வழிகிற கொரிய சோயா முட்டை

ஒரு கிண்ணம் சூடான சோறு, மேலே இந்த முட்டை ஒன்று, அது ஊறிய சாறு இரண்டு ஸ்பூன், எள்ளெண்ணெய் நாலு சொட்டு. வேலை முடிந்து நேரம் கழித்து வீடு திரும்புகிற நாளில் எனக்கு இதுதான் இரவுச் சாப்பாடு. தென்கொரியாவின் சுவோன் நகரில் எங்கள் தெருமுனை பான்சான் கடையிலும், அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற பண்டங்கள் விற்கும் கடையிலும், டப்பாவில் போட்டு விற்கிறார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் மஞ்சள் கரு கெட்டியாக இருக்கும். நாள் முழுக்கக் கடையில் இருக்க வேண்டிய பண்டம், அவர்களும் என்ன செய்வார்கள்? கரு வழிய வேண்டுமென்றால் வீட்டில் செய்வதுதான் வழி.

வீடியோக்களில் பார்த்தால் ரொம்பச் சுலபம். ஏழு நிமிடம் வேகவை, உரி, சாஸில் போடு. அந்த ஏழு நிமிடம் எந்த அளவு முட்டைக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "உரி" என்கிற இடத்தில் காட்சி வெட்டுப்பட்டு, அடுத்த நொடி பளபளவென்று பத்து முட்டைகள் கிண்ணத்தில் இருக்கும். நம் வீட்டில் அப்படி நடக்காது. அதனால் இந்தப் பதிவில் சாஸைவிட முட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இன்னொன்று: ஜாங்ஜோரிம் வேறு, இது வேறு. ஜாங்ஜோரிமில் முழுதாக வெந்த முட்டையை, பெரும்பாலும் காடை முட்டையை, இறைச்சியோடு சேர்த்து சோயா சாஸில் கொதிக்கவிடுவார்கள். மாயாக் கெரானில் சாஸ் அடுப்பேறவே வேண்டாம். ஜப்பானிய ராமென் முட்டை இதற்குக் கிட்டத்துச் சொந்தம்தான். ஆனால் அங்கே முட்டையை எடுத்துக்கொண்டு ஊறிய நீரை விட்டுவிடுவார்கள். இங்கே வெங்காயமும் மிளகாயும் எள்ளும் மிதக்கிற அந்தச் சாறுதான் பாதிச் சாப்பாடு.

பத்து முட்டைக்குத் தேவையானவை

சோயா சாஸ் 200 மில்லி, தண்ணீர் 200 மில்லி, ஒலிகோதாங் அல்லது மூல்யோத் என்கிற இனிப்புப் பாகு 100 மில்லி. பெரிய வெங்காயம் பாதி, தேபா என்கிற தடித்த வெங்காயத்தாள் ஒன்று, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் இரண்டு, நிறத்துக்குச் சிவப்பு மிளகாய் ஒன்று, வறுத்த எள் ஒரு மேசைக்கரண்டி. அவ்வளவுதான். இங்கே சொங்யாங் மிளகாய் போடச் சொல்வார்கள், காரமானது என்று எச்சரிக்கையும் செய்வார்கள். நம் நாக்குக்கு அது சாதாரண மிளகாய். இரண்டு எழுதியிருந்தால் மூன்றாகப் போடுங்கள்.

சோயா சாஸ் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். கொரியக் கடை அலமாரியில் மூன்று வகை கண்ணில் படும். கூக்கான்ஜாங் சூப்புக்கானது, நிறம் குறைவு, உப்பு அதிகம், அதை இதற்கு எடுக்காதீர்கள். ஜின்கான்ஜாங் அடுப்பில் வேகும் பண்டங்களுக்கு நல்லது, விலையும் குறைவு. பெரும்பாலும் அது புளிக்கவைத்த சாஸும் அமிலத்தால் புரதத்தை உடைத்துச் செய்த சாஸும் கலந்தது. யாங்ஜோகான்ஜாங் முழுக்கப் புளிக்கவைத்தது. நாம் சாஸைச் சூடாக்கப் போவதில்லை, பச்சையாகவே சோற்றில் ஊற்றிக்கொள்ளப் போகிறோம். ஆகவே யாங்ஜோதான் என் தேர்வு. செம்பியோ நிறுவனத்தின் 501 போதும். அந்த எண் சாஸில் உள்ள மொத்த நைட்ரஜன் 1.5 சதவீதம் என்பதைக் குறிக்கிறது. 701 என்றால் 1.7 சதவீதம். நைட்ரஜன் கூடினால் புரதச் சத்தின் ருசி கூடும், விலையும் கூடும். இவ்வளவு பூண்டும் மிளகாயும் சேருகிற இடத்தில் 701 வீண் செலவு என்பது என் கருத்து.

இனிப்புக்குச் சர்க்கரையும் போடலாம், 80 கிராம். குளிர்ந்த சாஸில் கரைய நேரமெடுக்கும், பொறுமையாகக் கலக்க வேண்டும். ஒலிகோதாங் பாகாகவே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

படி 1: முட்டையைப் படியுங்கள்

கொரியாவில் ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் பத்து எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் நான்கும் முட்டை இட்ட மாதமும் தேதியும். 0312 என்றால் மார்ச் 12. 2019 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அடுத்த ஐந்து பண்ணையின் அடையாளம். கடைசி ஓர் எண் கோழி வளர்ந்த விதம்: 1 திறந்தவெளி, 2 கொட்டகைத் தரை, 3 சற்றே பெரிய கூண்டு, 4 வழக்கமான கூண்டு.

எல்லோரும் அந்தத் தேதியைப் புதிய முட்டை தேடத்தான் பார்ப்பார்கள். இந்தப் பண்டத்துக்கு மட்டும் பழசைத் தேடுங்கள். இட்டு ஏழு முதல் பத்து நாள் ஆன முட்டை வேண்டும். புது முட்டையின் வெள்ளைக் கருவில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அந்த நிலையில் வேகவைத்தால் வெள்ளைக் கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும், ஓட்டை எடுக்கும்போது சதையும் கூடவே பிய்ந்து வரும். நாளாக ஆக அந்த வாயு ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறும். அப்போது சவ்வு லேசாக விலகிவிடும். முப்பது முட்டை அட்டை, அதாவது ஹன்பான், வாங்கினால் பத்தை எடுத்துத் தனியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் செய்யலாம்.

அட்டையில் அளவும் எழுதியிருக்கும். 68 கிராமுக்கு மேல் வாங்ரான், 60 முதல் 68 வரை தெக்ரான், 52 முதல் 60 வரை தேரான், 44 முதல் 52 வரை ஜுங்ரான், அதற்குக் கீழே சோரான். வீடியோக்காரர்களின் ஏழு நிமிடம் பெரும்பாலும் தெக்ரானுக்கு உரியது.

படி 2: வேகவைத்தல்

வெள்ளைக் கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், நன்றாகக் கெட்டியாக 80 டிகிரி வேண்டும். மஞ்சள் கருவோ 65 டிகிரியில் குழைந்து 70 டிகிரியில் உறைந்துவிடும். வெள்ளை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு வேக வேண்டும், அதற்குள் சூடு நடுவுக்குப் போய்விடவும் கூடாது. அதனால்தான் குளிர்ந்த முட்டை, கொதிக்கிற தண்ணீர். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் அடுப்புக்கு அடுப்பு நேரம் மாறும், கணக்கு நிற்காது.

ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்குங்கள். வாங்ரானுக்கு ஏழரை நிமிடம், தெக்ரானுக்கு ஏழு, தேரானுக்கு ஆறரை, ஜுங்ரானுக்கு ஆறு. முதல் இரண்டு நிமிடம் ஒரே திசையில் மெதுவாகக் கிளறினால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். ஒரு ஓரமாக ஒதுங்கினால் அந்தப் பக்கம் வெள்ளைக் கரு மெலிந்து, உரிக்கும்போது உடையும். தண்ணீரில் உப்பும் வினிகரும் சேர்ப்பது, ஓடு கீறினால் கரு சட்டென உறைந்து அடைபடுவதற்கு. தோல் சுலபமாக வரும் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள்.

முட்டையின் அகன்ற முனையில் ஊசித்துளை போடும் சின்னக் கருவி டைசோ என்கிற மலிவு விலைக் கடையில் கிடைக்கும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதால் ஓடு வெடிப்பது குறைகிறது, உருவமும் சீராக வருகிறது. அங்கே எந்தப் பொருளும் 5000 வோனைத் தாண்டாது, ஆகவே வாங்கிவிடுங்கள். மின்சார முட்டை வேகவைப்பான் வேண்டாம். அது இடத்தை அடைக்கும், நேரத்தையும் உங்கள் கையில் விடாது.

நேரம் முடிந்த நொடியே பனிக்கட்டித் தண்ணீரில் மாற்றுங்கள். பத்து நிமிடம் முழுதாகக் கிடக்க வேண்டும். அடுப்பை அணைத்தாலும் ஓட்டுக்குள் சூடு வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஜனவரியில் இங்கே குழாய்த் தண்ணீரே போதும், பனிக்கட்டி வேண்டியதில்லை.

படி 3: உரித்தல்

எல்லா வேலையும் நாசமாகிற இடம் இது. முழுதாக வெந்த முட்டையை மேசையில் உருட்டி உடைப்போமே, அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். இந்த முட்டை தண்ணீர் நிரப்பிய பலூனைப் போல மெத்தென்று இருக்கும். அழுத்தினால் கீறி, மஞ்சள் வெளியே வந்துவிடும்.

ஸ்பூனின் முதுகால் முதலில் அகன்ற முனையில் தட்டுங்கள். காற்றறை அங்கேதான் இருக்கிறது, உள்ளே இடைவெளி உண்டு. பிறகு உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன விரிசல் விழும்படி தட்டிக்கொண்டே வாருங்கள். ஓட்டை எடுக்காதீர்கள். பத்தையும் இப்படி விரிசல் விட்டு, மறுபடி குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். விரிசல் வழியே தண்ணீர் சவ்வுக்கு அடியில் இறங்கி, ஓட்டைத் தளர்த்திவிடும். வீடியோவில் வெட்டுப்பட்ட காட்சி இதுதான்.

அதன்பின் தண்ணீருக்குள்ளேயே வைத்து, அகன்ற முனையிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டை மட்டும் பிடுங்காமல் சவ்வையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சவ்வு கைக்கு வந்தால் ஓடு பட்டையாகச் சுருண்டு வரும். வராமல் துண்டு துண்டாக உடைந்தால் விரல் இன்னும் சவ்வுக்கு மேலேதான் இருக்கிறது என்று அர்த்தம். வேறு இடத்தில் தொடங்குங்கள்.

மேலோட்டமாகச் சிராய்ந்த முட்டை பரவாயில்லை, ஊறினால் தெரியாது. மஞ்சள் தெரிகிற அளவுக்குக் கிழிந்ததைச் சாஸில் போடாதீர்கள், சாறு முழுக்கக் கலங்கிவிடும். உப்பும் மிளகுத்தூளும் தூவி நின்றபடியே சாப்பிட்டுவிடுவதுதான் அதற்கு மரியாதை.

படி 4: சாறும் ஊறலும்

சாஸ், தண்ணீர், பாகு மூன்றையும் கலந்து, பொடியாக நறுக்கிய காய்களையும் எள்ளையும் போடுங்கள். பூண்டை நசுக்க வேண்டாம், பொடியாக நறுக்கினால் போதும். நசுக்கினால் மறுநாள் அதன் நெடி மட்டும்தான் மிஞ்சும். எள்ளெண்ணெயை இப்போது ஊற்றாதீர்கள், மேலே படலமாக நிற்கும். பரிமாறும்போது சேர்த்தால் வாசம் முழுதாகக் கிடைக்கும்.

அகலமான டப்பாவைவிட ஒடுங்கிய, ஆழமான கண்ணாடி டப்பா நல்லது; அதே சாஸில் முட்டைகள் நன்றாக முங்கும். பிளாஸ்டிக்கில் பூண்டு வாடை போகவே போகாது. சாஸில் உப்பு இருப்பதால் முட்டைகள் மிதக்கும், வெளியே தெரிகிற பாகம் வெள்ளையாகவே நின்றுவிடும். சமையலறைக் காகிதம் ஒன்றை மேலே பரப்பினால் அது சாற்றை உறிஞ்சி மேல்பாகத்தையும் நனைத்து வைக்கும். இல்லையென்றால் நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள்.

ஊறுவது எப்போதும் ஃப்ரிட்ஜில்தான், வெளியே வைக்கக் கூடாது. ஆறு மணி நேரத்தில் சாப்பிடலாம், ஒரு ராத்திரி ஊறினால் ருசி. ஒரு நாளைத் தாண்டினால் உப்பு கருவிலுள்ள நீரை இழுக்க ஆரம்பித்து, மஞ்சள் கரு பசைபோல் ஆகும், வெள்ளை ரப்பராகும். சிலருக்கு அந்தப் பசைப் பதம்தான் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, அதனால் மறுநாள் முட்டையைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். எப்படியானாலும் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

தமிழ்நாட்டிலிருந்து செய்து பார்த்த சிலருக்கு மஞ்சள் கரு கெட்டியாகிவிட்டதாம். அங்கே கடையில் கிடைக்கிற முட்டை பல நேரம் 50 கிராம்தான், அதாவது இங்கத்து ஜுங்ரான். ஆறு நிமிடம். ஃப்ரிட்ஜில் வைக்காத முட்டை என்றால் ஐந்தரை. சமையலறைத் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். ஊட்டியிலிருந்து ஒருவருக்கு எதிர்ச் சிக்கல்: வெள்ளைக் கருவே வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஒரு நிமிடம் கூட்டிப் பாருங்கள்.

நம்மூர் நல்லெண்ணெய் போடலாமா? இங்கத்து எள்ளெண்ணெயான சாம்கிரும் எள்ளைக் கருக வறுத்து ஆட்டியது, வாசமே வேறு. அது கிடைக்காவிட்டால் எண்ணெயை விட்டுவிட்டு, எள்ளை நன்றாக வறுத்து நுணுக்கித் தூவுங்கள். சைனீஸ் பொரித்த சாதத்துக்கு ஊற்றுகிற கெட்டியான கறுப்பு சாஸ் மட்டும் வேண்டாம், அது நிறத்துக்கானது.

மது கலந்த பொருள் கூடாது என்பவர்கள் லேபிளில் ஜூஜொங், அதாவது எரிசாராயம், இருக்கிறதா என்று பாருங்கள். சாஸ் கெடாமலிருக்க அதைச் சேர்ப்பது இங்கே சகஜம். யாங்ஜோவில் கோதுமையும் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும்.

கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் வழிகிற கருவைச் சாப்பிட வேண்டாம். பதினொரு நிமிடம் வேகவைத்து அதே சாற்றில் போடுங்கள், குறை தெரியாது. முட்டை சாப்பிடாதவர்கள் தோஃபுவைக் கனமான துண்டுகளாக்கி, எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி ஊறவைக்கலாம்.

மிஞ்சிய சாற்றில் அடுத்த பத்து முட்டையைப் போடலாமா என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. வேண்டாம். முட்டையின் நீர் இறங்கி உப்பு குறைந்திருக்கும், பச்சைப் பூண்டும் வெங்காயமும் அதில் நாள்கணக்காகக் கிடந்திருக்கும். முளைகட்டிய சோயாப் பயறு போட்டு வடித்த சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள், அல்லது வாட்டிய தோஃபு மேல் ஊற்றி இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.