நகுரு ஏரிக்கு சஃபாரி போகிறீர்களா? திட்டம் போடும்போதே செய்யும் தவறுகள்

கென்யாவின் நகுரு ஏரி தேசியப் பூங்கா என்று தேடினால் முதலில் வந்து நிற்பது கரை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) குவிந்திருக்கும் படம்தான். அந்தப் படத்தை நம்பி டிக்கெட் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அப்படிப்பட்ட படங்களில் பல, ஏரி வேறு மாதிரி இருந்த காலத்தில் எடுத்தவை.

நகுரு ஆழமில்லாத உவர் ஏரி, தண்ணீர் வெளியேற ஆறு எதுவும் கிடையாது. அந்த உவர்நீரில் ஸ்பைருலினா வகை நுண்பாசி செழித்து வளரும், சிறிய பூநாரைகளுக்கு அதுதான் சாப்பாடு, அதனால்தான் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. 2010ஐ ஒட்டி நீர்மட்டம் ஏற ஆரம்பித்தது. சுமார் 40 சதுர கிலோமீட்டர் இருந்த ஏரி பத்து வருடத்தில் 60ஐத் தாண்டிவிட்டது, பூங்காவின் பழைய பிரதான வாயிலே தண்ணீருக்குள் போய்விட்டது, கரையோர வேல மரங்கள் தண்ணீரில் நின்றபடியே பட்டுப்போயின. மழைநீர் கலந்து உப்பு நீர்த்ததும் பாசி குறைந்தது, பாசி குறைந்ததும் பூநாரைகள் பெரும்பாலும் வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன. இப்போதும் சில சமயம் கூட்டம் வரும், ஆனால் அதை யாரும் உறுதி சொல்ல முடியாது, உறுதி சொல்லி பேக்கேஜ் விற்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள்.

பூநாரைதான் முக்கியம் என்றால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அங்கே இருக்கும் ஓட்டுநரையோ தங்கப்போகும் விடுதியையோ கேட்டு, அவை இப்போது எந்த ஏரியில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே போகோரியா ஏரி நகுரு நகரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். எலமென்டைட்டா ஏரி நைரோபி சாலையிலேயே வந்துவிடும். இந்த இரண்டையும் நகுருவையும் சேர்த்துத்தான் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதனால் ஒரே ஏரியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் நகுருவுக்கு எதற்குப் போக வேண்டும் என்றால், காண்டாமிருகத்துக்காகப் போக வேண்டும். பூங்கா சுமார் 188 சதுர கிலோமீட்டர்தான், சுற்றிலும் வேலி போட்டு 1980களிலிருந்தே காண்டாமிருகச் சரணாலயமாகப் பாதுகாத்து வருகிறார்கள். வெள்ளை, கறுப்பு இரண்டு வகையுமே உண்டு. வெள்ளை வகை அகலமான வாயால் புல் மேயும், அதனால் திறந்தவெளியில் எளிதாகக் கண்ணில் படும். கறுப்பு வகைக்குக் கூரான மேலுதடு, புதர்த் தழையைப் பிடுங்கித் தின்னும், பகலில் புதருக்குள்ளேயே இருந்துவிடும், அதைப் பார்க்கப் பொறுமையும் பைனாகுலரும் வேண்டும். ராத்சைல்டு ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், சிறுத்தை, காட்டெருமை எல்லாம் இருக்கின்றன. யானை மட்டும் இங்கே இல்லை. வீட்டில் குழந்தைகளுக்கு யானை காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு நகுருவுக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள், அதற்கு யானைகள் இருக்கும் அம்போசெலி தேசியப் பூங்காவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அடுத்தது நேரம். நைரோபியிலிருந்து 160 கிலோமீட்டர்தானே, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உகாண்டா வரை போகும் லாரிகளெல்லாம் ஓடும் நெடுஞ்சாலை, நான்கு மணி நேரம்கூட ஆகிவிடும். விடியற்காலையில் கிளம்பினாலும் பூங்காவுக்குள் நுழைவதற்குள் வெயில் ஏறி, சிங்கமும் சிறுத்தையும் நிழல் தேடிப் போயிருக்கும். முந்தின இரவே நகுரு நகரத்திலோ பூங்காவுக்குள் இருக்கும் விடுதியிலோ தங்கிவிட்டு, வாயில் திறக்கும்போதே நுழைந்துவிடுவதுதான் சரி. மசாய் மாராவிலிருந்து வருகிற வழியில் மத்தியானம் இரண்டு மணி நேரம் எட்டிப் பார்ப்பதும் இதே கதைதான், கொடுத்த கட்டணத்துக்கு நியாயமே இல்லை. டிக்கெட்டும் ஒருமுறை நுழைவதற்குத்தான், சாப்பிட வெளியே போய்விட்டுத் திரும்பினால் மறுபடி எடுக்க வேண்டும், ஆகவே மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வாயிலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், இணையத்தில் முன்பே கட்டிவிடுவது நிம்மதி.

பூங்கா கடல்மட்டத்திலிருந்து 1,750 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து வெறும் அரைக்கைச் சட்டையோடு போனால், கூரை திறந்த வண்டியில் காலைக் குளிர் நன்றாகவே தெரியும், ஸ்வெட்டர் கட்டாயம். மார்ச் முதல் மே வரை பெருமழைக்காலம், மண்பாதைகள் சேறாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் நல்ல நேரம்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் 2020 முதல் பூங்காவுக்குள் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து ஏரி முழுவதும் தெரியும் பபூன் கிளிஃப் மாதிரி அனுமதித்த இடங்களில் மட்டுமே வண்டியை விட்டு இறங்கலாம். அங்கேயும் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம், பபூன் குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும். பாவமாக இருக்கிறதே என்று எதையும் கொடுக்கவும் கூடாது, கொடுத்துக் கொடுத்துத்தான் அவை மனிதர்களிடம் பறிக்கப் பழகுகின்றன.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கடைசி நேரத்தில் தவிப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால்தான். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும், அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஆனால் போன அன்றே கிடைக்கும் என்று எண்ணாமல் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே விசாரித்துவிடுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.