ஷவர் தரை அமைத்து டைல் பதிப்பது எப்படி: இரண்டாம் முறை சரியாக வந்த கதை

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி, 1996இல் கட்டியது. கீழ்வீட்டு மாமி ஒரு நாள் படியேறி வந்து, "தம்பி, எங்கள் குளியலறைக் கூரையில் ஓதம் பூத்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். நாங்கள் ஷவரில் குளிக்கும் மூலைக்கு நேர் கீழே கூரை கறுத்து, சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கேட்டுப்பார்த்த இரண்டு கொத்தனார்களும் மூன்றடிக்கு நான்கடி வேலை என்றதும் ஆர்வம் இழந்துவிட்டார்கள். அப்படித்தான் கரண்டி என் கைக்கு வந்தது.

பழைய டைலை உடைப்பதை விளக்கப் போவதில்லை. உளி, சுத்தியல், முகக்கவசம், கண்ணாடி, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரியாத சுவரில் மட்டும் உளியைப் படுக்கை வாட்டில் மெதுவாகப் பிடியுங்கள்.

கருவிகளில் கஞ்சத்தனம் எங்கே கூடும், எங்கே கூடாது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. இரண்டடி நீள ரசமட்டம், பல் வைத்த கரண்டி, ரப்பர் சுத்தியல் மூன்றையும் நல்லதாக வாங்குங்கள். டைல் வெட்டக் கையால் தள்ளும் கட்டரே போதும். சுற்றும் கிரைண்டரை மூலை வெட்டுக்கும் குழாய்த் துளைக்கும் மட்டும் வாடகைக்கு எடுத்தேன். லேசர் மட்டம் எதற்கு? இந்த அளவு இடத்துக்கு ஒரு நூலும் ரசமட்டமும் தாராளம்.

நஹானி டிராப்: என்னைக் கவிழ்த்த இடம்

தண்ணீர் போகும் வாய்தான் முதல் வேலை. அங்கே தரையில் பதிக்கும் வடிகால் கிண்ணம்தான் நஹானி டிராப். டிராப்பின் ஜாலி மூடி, பதித்து முடித்த டைலின் மேற்பரப்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கேட்க எளிது. நான் விசாரித்த கொத்தனார், "தரைக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு வையுங்கள்" என்றார். அப்படியே வைத்தேன். டைல் பதித்து முடித்துப் பார்த்தால் ஜாலி, டைலுக்கு மேலே ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. முதல் வாளி ஊற்றியதும் தண்ணீர் ஜாலியைச் சுற்றி குளம் கட்டி நின்றது.

கொத்தனார் சொன்னது தப்பில்லை. அது சிமெண்ட் கலவையில் பதிக்கும் காலத்துக் கணக்கு. கலவை 2 செ.மீ., டைல் 8 மி.மீ. என்றால் ஓர் அங்குலத்தைத் தாண்டும். மூடி டைலுக்குச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். நான் பயன்படுத்தியதோ டைல் ஒட்டும் பசை. அழுத்தியபின் அதன் தடிப்பு 4 மி.மீ. தான். டைலும் சேர்ந்தால் 12 மி.மீ. பாக்கி இருந்த 13 மி.மீட்டரும் அப்படியே மேலே நின்றது. நான்கு டைலைப் பெயர்த்து, டிராப்பின் கழுத்தை அறுத்து, எல்லாவற்றையும் மீண்டும் பூச வேண்டியதாயிற்று.

ஆகவே யார் சொன்ன அங்குலத்தையும் நம்பாதீர்கள். வாங்கிய டைலில் ஒரு துண்டை எடுத்து, பல் கரண்டியால் பசை தடவி ஒரு பலகைமேல் அழுத்தி ஒட்டி, ஓரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவிலிருந்து 2 மி.மீ. கழித்து டிராப்பின் கழுத்தை அறுங்கள். பி.வி.சி. கழுத்து என்றால் ஹேக்ஸா பிளேடு போதும். சுற்றியுள்ள இடுக்கைச் சாதாரணக் கலவையால் அடைக்க வேண்டாம். காய்ந்தால் சுருங்கி மயிரிழை விரிசல் விடும். சுருங்காத கிரௌட் என்று கேட்டால் கடையில் தருவார்கள்.

வாட்டம்

மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் கொடுங்கள். என் டிராப்பிலிருந்து மிகத் தொலைவான மூலை 115 செ.மீ.; ஆகவே அந்த மூலை 2.3 செ.மீ. உயரம். சுவர் ஓரம் முழுக்க அதே உயரத்தில் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து டிராப்புக்கு நூல் கட்டினால் வாட்டம் கண்ணுக்குத் தெரியும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு, தண்ணீர் குறைவாக: கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. வாசல் பக்கம் 7 செ.மீ. உயரத்தில் ஒரு வரப்பும் இதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் (பூச்சை மட்டமாக்கும் மரக்கட்டை) தேய்த்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஈரச் சாக்கு போடாமல் விட்டால் இரண்டாம் நாளே வெடிப்பு ஓடும்.

கசிவுத் தடுப்புப் பூச்சு

டைல் கசிவைத் தடுக்கும் என்று நம்பித்தான் என் வீட்டைக் கட்டியவர் விட்டுவிட்டார். டைல் தடுக்காது, அதன் அடியில் இருக்கும் பூச்சுதான் தடுக்கும். பொடியும் திரவமும் தனித்தனியாக வரும் பாலிமர் வகையை வாங்கினேன். தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் உள்வளைவாக்கி, முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அங்கே கண்ணாடி இழை வலையை அழுத்துங்கள். இரண்டாவது பூச்சு முதலாவதற்குக் குறுக்காக. ஷவர் சுவரில் ஆறடி உயரம் வரை, மற்ற சுவர்களில் ஓரடி.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் டிராப் வாயைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய துணியால் அடைத்து, 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். சென்னை வெயிலில் தண்ணீர் தானாகவும் வற்றும், கசிந்தும் வற்றும். எது என்று தெரியாமல் நான் ஒரு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் ஓர் அகலமான பேசினில் தண்ணீர் வைத்துப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தது. மாமியும் கூரையைத் தடவிப் பார்த்து "காய்ந்துதான் இருக்கிறது" என்றார்.

டைல்

தரைக்கு 30க்கு 30 செ.மீ., சொரசொரப்பு ஆர்11 வகை (வழுக்காத தன்மையைக் காட்டும் எண்). இரண்டடி டைல் பார்க்க அழகுதான். ஆனால் நாலாபக்கமும் இறங்கும் வாட்டத்தில் அது வளையாது, முனை தூக்கும். பெட்டிகளில் ஷேட் எண் (நிறச் சாயலைக் குறிப்பது) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கும். விட்ரிஃபைடு டைல் என்றால் டைப் 2க்குக் கீழே இறங்காதீர்கள். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது, ஆகவே சிமெண்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமெண்டை) நம்பி ஒட்டினால் நாளடைவில் பெயர்ந்துவிடும்.

சுவரில் அடிவரிசையை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்குங்கள். கீழே ஒரு நேரான மரச்சட்டம் தாங்கட்டும். பிறகு தரை, கடைசியில் அந்த அடிவரிசை. அப்போதுதான் சுவர் டைல் தரை டைலின் மேல் உட்காரும். பசையை ஒரே திசையில் கோடுகளாக இழுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. தட்டினால் டொப்பு டொப்பென்று ஓசை வரும், அந்தப் பொள்ளலில் தண்ணீர் தங்கும். வேண்டவே வேண்டாம். மே மாதத்தில் பசை சீக்கிரமே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டு ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறியுங்கள்; தண்ணீர் தெளித்துக் குழைக்காதீர்கள்.

மறுநாள் டைல் இடுக்குகளை அடைக்க எபாக்ஸி, அதாவது கலந்ததும் இறுகும் பிசின் கலவை. எங்கள் போர் தண்ணீரின் உப்பில் வெள்ளை சிமெண்ட் இடுக்கு ஓராண்டில் பொரிந்துவிட்டது. எபாக்ஸியைக் கால் பங்காகப் பிரித்துக் கலந்து, கையுறை போட்டு, பூசிய கால்மணி நேரத்துக்குள் ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். நான் முழு டப்பாவையும் ஒரேயடியாகக் கலந்தேன். பாதி டப்பாவிலேயே கல்லாயிற்று. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிலிகான்.

பின்சேர்க்கை 1: வாசகர் ஒருவர் சுவர் டைலை இரவெல்லாம் ஊறவைத்துப் பசையில் ஒட்ட, வழுக்கி இறங்கிவிட்டதாம். ஊறவைப்பது சிமெண்டுக்கு. பசைக்கு உலர்ந்த டைல்தான்.

பின்சேர்க்கை 2: ரெடிமேடு அக்ரிலிக் ஷவர் டிரே பற்றிக் கேட்டிருந்தார்கள். போடலாம், ஆனால் காலில் நிறுத்தி விட்டுவிடாமல் அடியில் கலவைப் படுக்கை கொடுங்கள், இல்லாவிட்டால் மிதிக்கும்போது தொய்ந்து ஓரத்துச் சிலிகான் பிய்யும். பூச்சும் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதும் டிரேக்கும் உண்டு.

பின்சேர்க்கை 3: ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தவர், புது டிராப்பிலிருந்து நாற்றமும் கரப்பானும் வருவதாக எழுதியிருந்தார். வேலையில் பிழை இல்லை. டிராப்புக்குள் நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.