தெள்ளுப்பூச்சி: மருந்தடித்தும் ஒழியாமல் போவது எதனால்?

கணுக்காலைச் சுற்றி மூன்று நான்கு தடிப்பு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தினாற்போல ஒரு சிவப்புப் புள்ளி. சொறியச் சொறிய அரிப்பு ஏறும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் பழி உடனே அதன்மேல் விழும். குளிப்பாட்டி, பவுடர் தூவி, வாசலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். பத்து நாள் கழித்து மறுபடி அதே கடி.

காலைக் கடித்த தெள்ளு பெரும்பாலும் நாயின் மேலிருந்து குதித்து வந்ததில்லை. ஒரு விலங்கின் மேல் ஏறிவிட்ட தெள்ளு, முடிந்தவரை சாகும் மட்டும் அங்கேயேதான் கிடக்கும். நம் காலில் ஏறுவது தரையில் கூட்டை உடைத்துக்கொண்டு புதிதாக வெளியே வந்த பசித்த பூச்சி. பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 வரை இடும். முட்டை உப்புத்தூள் போல வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும், முடியில் ஒட்டாது. நாய் உடம்பை உதறினால், பூனை கட்டிலிலிருந்து குதித்தால், உதிர்ந்து கீழே விழும். அதிலிருந்து வரும் புழு தரை இடுக்கில் தூசியையும், தாய்ப்பூச்சி கழித்து உதிர்ந்த காய்ந்த ரத்தத்தையும் தின்று வளரும். பிறகு பிசுபிசுப்பான நூலால் கூடு கட்டும். அந்தக் கூட்டின்மேல் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்வதால், கையில் எடுத்துப் பார்த்தாலும் குப்பைத் துணுக்கு என்றுதான் தோன்றும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நாட்களில் முட்டையிலிருந்து பூச்சியாக மாற மூன்று, நான்கு வாரம் போதும். கண்ணில் படுகிற பூச்சி மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான், மிச்சமெல்லாம் தரையில் கிடக்கிறது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

உண்ணியையும் தெள்ளையும் குழப்புவது

மதுரைப் பக்கம் பலரும் எல்லாவற்றையும் பொதுவாக ‘நாய்க்கு உண்ணி’ என்று சொல்லிவிடுகிறோம். கடைக்காரரும் உண்ணி மருந்தைக் கொடுத்துவிடுவார். உண்ணிக்கு எட்டுக் கால், குதிக்காது, ரத்தம் குடித்தால் சாம்பல் நிறத்தில் பயறு போல ஊதும். தெள்ளுக்கு ஆறு கால், கரும்பழுப்பு நிறம், 2, 3 மில்லிமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் தட்டியதுபோல ஒடுங்கிய உடம்பு. பிடிக்கப் போனால் துள்ளிவிடும். உண்ணிக்காகத் தண்ணீரில் கலந்து நாயை நனைக்கும் அமிட்ராஸ் மருந்து தெள்ளை ஒன்றும் செய்யாது. பூனைக்கோ அது ஆபத்து. இரவில் மட்டும், முதுகு, கை, கழுத்து என்று கடி விழுந்தால் கட்டில் சட்டத்தின் மூலையைப் பாருங்கள், அது மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு வழி வேறு.

சந்தேகம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. வால் தொடங்கும் இடத்தில் நாயின் முடியைப் பேன்சீப்பால் வாருங்கள். சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரப்படுத்திய வெள்ளைத் துணியிலோ பஞ்சிலோ உதறிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். வெறும் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவி நிறத்தில் ஒரு வட்டம் கசிந்து பரவும். அது செரித்த ரத்தம். தரையைச் சோதிக்க, பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் போதும், ஏறுகிற பூச்சி பளிச்சென்று தெரியும். எந்த அறையில் எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

விலங்கின் மேல் நடக்கும் தவறுகள்

வீட்டில் இரண்டு நாயும் ஒரு பூனையும் இருந்து, சொறிகிற நாய்க்கு மட்டும் மருந்து விட்டால் ஒரு பயனும் இல்லை. எல்லா விலங்குக்கும் ஒரே நாளில் மருந்து பட வேண்டும். பூனை தன் நாக்கால் தெள்ளை நக்கி விழுங்கிவிடுவதால் அதன்மேல் பூச்சியே தெரியாது. பரணில் குட்டி போட்ட தெருப்பூனையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. தொழுவத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தால் அதையும் பாருங்கள், ஆட்டையும் இந்தப் பூச்சி விடாது.

உயிரைப் பறிக்கும் தவறு ஒன்று இருக்கிறது: நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு விடுவது. நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் உடம்பால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். ‘பெரிய நாய்க்கு உள்ளதில் கால்வாசி விட்டேன்’ என்றாலும் இதே கதிதான். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுக் கழுவி, துவட்டி, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெர்மெத்ரின் விட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதையும் மருந்து நன்றாகக் காயும் வரை தடுக்க வேண்டும்.

ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்தை விடும்போது நடக்கும் பிழை சின்னதுதான், ஆனால் மருந்து முழுக்க வீணாகும். இரண்டு தோள்பட்டைக்கு நடுவே முடியை விலக்கி, தோல் தெரியும் இடத்தில் விட வேண்டும். முடியின் மேல் விட்டால் அப்படியே வழிந்து போகும். மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டாதீர்கள். ஷாம்பு தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், மருந்து பரவுவதே அந்தப் பசையில்தான். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களைக் கண்ணால் மதிப்பிடாமல் எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள். உயரத்தைப் பார்த்துப் பலர் கூடுதல் எடைக்கான அளவை வாங்கிவிடுகிறார்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் குழந்தை சோப்பும் போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட்டுவிட்டுப் பிறகு உடம்பை நனையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் தெள்ளு எல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஏறிவிடும். பிறகு பேன்சீப்பால் வாரி, பிடித்ததைச் சோப்புத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். சோப்பு இல்லாத தண்ணீரில் தெள்ளு மூழ்காமல் தப்பி வந்துவிடும். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மண்ணெண்ணெய் தடவுவதும், பருத்திக்கு அடித்து மிச்சமான மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதும் கிராமங்களில் இன்னும் நடக்கின்றன. இரண்டும் தோலை வெந்துபோக வைக்கும். நக்கினால் உள்ளேயும் போகும். பழைய காமாக்ஸின் பவுடர் டப்பா எங்காவது கிடந்தால் தொடாதீர்கள், அந்த மருந்து 1997லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கார்பரில் பவுடருக்கு 2018இல் தடை வந்தது. வேப்பிலைப் புகை கொசுவை விரட்டலாம், கூட்டுக்குள் இருக்கும் தெள்ளுக்கு அது தெரியவே தெரியாது. சோற்றில் பூண்டு கலந்து கொடுப்பது நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும்.

தரையைச் சுத்தம் செய்யத் தெரியாமல் செய்வது

வேலை உண்மையில் இங்கேதான் இருக்கிறது. முதல் தவறு, வீடு முழுவதும் ஒரேமாதிரி மருந்தடிப்பது. தெள்ளு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. விலங்கு படுக்கும் இடத்தில்தான் முட்டை உதிர்கிறது. ஒரு நாள் முழுக்க நாயும் பூனையும் எங்கே படுக்கின்றன என்று பார்த்து வையுங்கள்: கயிற்றுக் கட்டிலுக்கு அடி, திண்ணை மூலை, படிக்கட்டுக்குக் கீழே, மோட்டார் வண்டி நிறுத்தும் இடம், தண்ணீர்த் தொட்டி நிழல், பக்கத்து மனையில் கொட்டிய மணல் குவியல். வெயில் நேரே விழும் தரையில் புழு பிழைக்காது. சித்திரை வெயிலில் முற்றம் தானாகவே சுத்தமாகிவிடும். நிழலும் லேசான ஈரமும் சேர்ந்த இடம்தான் அதற்கு வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு தொழுவத்திலும் திண்ணையிலும் திடீரென்று பெருகுவது அதனால்தான்.

உலர்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் முட்டை அறை முழுவதும் பறக்கும். வாரிய குப்பையை வாசலுக்கு வெளியே தட்டினால் நாய் அதன்மேலேயே வந்து படுக்கும். வாக்குவம் இருந்தால் மூலை, சுவரோரம், மெத்தைத் தையல், கட்டில் அடி என்று உறிஞ்சி எடுத்து, குப்பைப் பையை உடனே பிளாஸ்டிக் உறையில் கட்டி வெளியேற்றுங்கள். வாக்குவம் இல்லாதவர்கள் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, அந்தத் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம். காவித்தரையில் விரிசல் இருந்தால் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பாலால் அடைத்துவிடுங்கள். மண்தரைத் தொழுவத்தில் மேலே தளர்ந்து கிடக்கும் புழுதியையும் பழைய வைக்கோலையும் வழித்தெடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். ‘கழுவி விட்டால் போகும்’ என்று தினம் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருந்தால் புழுவுக்கு நாமே வசதி செய்து தருகிறோம்.

நாய் படுக்கும் சாக்கைத் தூக்கி உதறியபடி வீட்டுக்குள் நடக்காதீர்கள். அது கிடந்த இடத்திலேயே சுருட்டி, பெரிய உறைக்குள் போட்டு வெளியே எடுங்கள். சாக்கு என்றால் எறிந்துவிடுவதே நல்லது. போர்வை என்றால் கை பொறுக்காத சூடுள்ள தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டுத் துவைத்து மொட்டைமாடியில் காயவையுங்கள். பூனை ஏறிப் படுக்கும் கோரைப்பாயையும் தலையணையையும் மறக்க வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகுதான் மருந்து. தூசியின் மேல் அடித்த மருந்து தூசியோடு போய்விடும். வாங்கும்போது, பூச்சியைக் கொல்லும் மருந்தோடு பைரிப்ராக்ஸிஃபென் அல்லது மெத்தோப்ரீன் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இவை முட்டையும் புழுவும் பூச்சியாக மாறவிடாமல் தடுப்பவை. கலக்கும் அளவு டப்பாவில் உள்ளபடியே இருக்கட்டும். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலன் வராது. பத்துக்குப் பத்து அறைக்கு அரை லிட்டர் கரைசல் ஏறக்குறையப் போதும். தரையும், தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை சுவரும், கட்டிலின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், குளம் கட்டக் கூடாது. மீன் தொட்டியை மூடி, காற்றுக் குழாயை நிறுத்திவிடுங்கள், இந்த மருந்துகளில் பல மீனுக்கு விஷம். குழந்தைகளும் விலங்குகளும் தரை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வரட்டும்.

இரண்டாவது வாரத்தில் கைவிடுவது

இதைத்தான் மிகப் பெரிய தவறு என்று சொல்ல வேண்டும். மருந்தடித்த பத்தாம் நாள் மறுபடி நாலைந்து தெள்ளு குதித்ததும் ‘மருந்து போலி’ என்று முடிவுகட்டி, வேறு மருந்து வாங்கி, அதையும் பாதியில் விடுவார்கள். கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை எந்தத் தெளிப்பு மருந்தும் சரியாக எட்டாது. அது வெளியே வந்து மருந்து பட்ட தரையில் நடந்த பிறகுதான் சாகும். ஆகவே இரண்டு முதல் நான்கு வாரம் புதுப்பூச்சி வருவது இயல்பு. அந்த நாட்களில் மருந்தடித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவாமல், தினம் வாக்குவம் செய்தால் போதும். அதன் அதிர்வே கூட்டிலிருக்கும் பூச்சியை எழுப்பி வெளியே கொண்டுவரும். 14ஆம் நாளை ஒட்டி இரண்டாம் முறை தெளியுங்கள். விலங்குக்கான மாத மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடருங்கள். வாரம் ஒருமுறை வெள்ளைக் காலுறை நடை நடந்து, எழுதி வைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், குறைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பட்டினியில் செத்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் மொத்தமாக வெளியே வரும். நாய் வளர்த்தவர் ஆனியில் காலி செய்த வாடகை வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்து, ஆவணியில் பால் காய்ச்சப் போகிறவர்களின் காலை மொய்ப்பது இதனால்தான். அப்படிப்பட்ட வீட்டில் சாமான் இறக்கும் முன்பே இரண்டு மூன்று தடவை போய், கதவைத் திறந்து, தரையெங்கும் நடந்து, பெருக்கித் துடைத்து, மருந்தடித்துவிட்டு வாருங்கள். வெறும் அறையில் அடிப்பது எளிது, செலவும் குறைவு.

எலி விஷயத்தில் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன்மேல் இருந்த தெள்ளு வேறு உடம்பைத் தேடும், பக்கத்தில் இருப்பது நாம்தான். எலித்தெள்ளு டைபஸ் காய்ச்சலைப் பரப்பக்கூடியது. முதலில் எலி ஓடும் சுவரோரத்துக்கும் வளை வாய்க்கும் தெள்ளு மருந்து, அதன் பிறகே எலிக்கு மருந்தோ பொறியோ. செத்த எலியை வெறுங்கையால் எடுக்காமல், சோப்புத் தண்ணீர் ஊற்றி, உறையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் கடுமையான தலைவலியோடு காய்ச்சல் நின்றால், வீட்டில் எலியும் தெள்ளும் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாய் படுத்து எழுந்த இடத்திலோ அதன் ஆசனவாய் ஓரத்திலோ வெள்ளரி விதை போல, காய்ந்தால் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. புழுவின் முட்டையைத் தின்று வளர்ந்த தெள்ளை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. தவழுகிற குழந்தை தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் வரலாம். புழுமருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் ஒரு மாதத்தில் அதே அரிசி மறுபடி தெரியும். இரண்டுக்கும் ஒரே வாரத்தில் மருந்து கொடுத்து, மூன்று வாரம் கழித்து அந்த இடத்தை மறுபடி பாருங்கள்.